பழைய லேப்டாப், சுழலும் ஹார்டு டிஸ்க், லினக்ஸ்: பார்ட்டிஷனை மாற்றிப் போட்டால் வேகம் கூடுமா?

நீலவானம்

வணக்கம். பத்து வருடத்துக்கும் மேலாக ஓடும் லேப்டாப் ஒன்று என்னிடம் இருக்கிறது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், நிமிடத்துக்கு 5400 சுற்று. டெபியன் வழிவந்த லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். பூட் செய்வது பழைய பயாஸ்தான், புது முறையான யுஇஎஃப்ஐ கிடையாது.

ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகிறது. பிரௌசரைச் சொடுக்கினால் ஜன்னல் தெரிய 25 நொடி. நாலைந்து டேப் திறந்ததும் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கும், மவுஸ் அம்பு கூட நின்று நின்றுதான் நகரும்.

டிஸ்க் இப்போது இப்படி இருக்கிறது. முன்னால் 300 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி). முன்பு அதில் வேறு இயங்குதளம் இருந்தது, இப்போது படங்களும் பழைய கோப்புகளும் மட்டும். அடுத்து இயங்குதளமும் நிரல்களும் இருக்கும் ரூட் 30 ஜிபி, அதில் 93 சதவீதம் நிரம்பிவிட்டது. அதன்பின் என் சொந்தக் கோப்புகளுக்கான ஹோம் 130 ஜிபி. கடைசி முனையில், ரேம் போதாதபோது பயன்படும் ஸ்வாப் 4 ஜிபி.

வார், டிஎம்பி, யுஎஸ்ஆர் என்ற லினக்ஸ் ஃபோல்டர்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பார்ட்டிஷன் போட்டால் வேகம் கூடும் என்கிறார் ஒரு நண்பர். பார்ட்டிஷனுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போட்டால் எல்லாம் சரியாகும் என்று எனக்கும் தெரியும். இப்போதைக்கு இருக்கும் டிஸ்க்கை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் கேள்வி.

ஆந்தை77

எஸ்எஸ்டி வேண்டாம் என்று நீங்களே சொன்னாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்: பார்ட்டிஷன் வேலைக்கு ஒரு முழு நாள் போகும். அதே நாளில் எஸ்எஸ்டி மாட்டி, புதிதாக நிறுவி, முடித்துவிடலாம். இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன்.

தட்டுச்சுழல்

உங்கள் நண்பர்கள் இருவர் சொன்னதிலும் பாதி பாதி உண்மை. பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கில் போட்ட கோடு, அவ்வளவுதான். கோடு போட்டதால் எதுவும் வேகமாகாது. ஆனால் எந்தக் கோட்டுக்குள் எதை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து தகவலைப் படித்து எழுதும் ஹெட் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது மாறும். சுழலும் டிஸ்க்கில் நேரத்தில் பெரும்பகுதி அந்த ஓட்டத்தில்தான் போகிறது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிநொடி. வேண்டிய இடம் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிநொடி. அதற்கு முன் ஹெட் அந்தத் தடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். லேப்டாப் டிஸ்க்குகளில் அது சராசரியாக 12 மில்லிநொடி பக்கம் வரும். இரண்டையும் கூட்டினால் 17, 18 மில்லிநொடி. நொடிக்கு 60 தடவைக்கு மேல் இடம் மாற முடியாது. ஒவ்வொரு தடவையும் 4 கேபி துண்டு ஒன்றைத்தான் படிக்கிறது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 240 கேபி. டிஸ்க்கின் மேல் 100 எம்பி வேகம் என்று எழுதியிருந்தாலும் உங்கள் டெஸ்க்டாப் கையில் கிடைப்பது இதுதான்.

இதில் சுழற்சி நேரத்தை நம்மால் மாற்ற முடியாது. ஹெட் ஓடும் தூரத்தைக் குறைக்க முடியும். அடிக்கடி தொடுகிற எல்லாவற்றையும் ஒரே குறுகிய பட்டைக்குள் வைத்துவிட்டால் ஹெட் அங்கேயே உலவும். சர்வர் வைத்திருப்பவர்கள் ஒரு காலத்தில் பெரிய டிஸ்க்கை வாங்கி அதன் முன்பகுதியை மட்டும் பயன்படுத்தி, மீதியைக் காலியாகவே விட்டதும் இதற்காகத்தான். ஷார்ட் ஸ்ட்ரோக்கிங் என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. தட்டின் வெளிவட்டம் நீளமானது, அங்கே ஒரு தடத்தில் அதிக செக்டார் (தகவலை வைக்கும் சின்னத் துண்டு) அடங்கும். ஒரு சுற்றுக்கு அதிகத் தகவல் வரும். செக்டார் எண் 0 வெளிவிளிம்பில் தொடங்கி உள்ளே போகப் போக எண் கூடும். வெளியே கிடைக்கும் வேகத்தில் பாதிதான் மைய ஓரத்தில் கிடைக்கும்.

உங்கள் அமைப்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். வேகமான வெளிப்பகுதி முழுக்க எப்போதாவது திறக்கும் படங்கள். ரூட் பாதிக்கு அப்பால். ஸ்வாப் மிக மெதுவான உள்முனையில். ரேம் தீர்ந்ததும் ஹெட் ரூட்டுக்கும் ஸ்வாப்புக்கும் நடுவே 130 ஜிபி ஹோமைத் தாண்டித் தாண்டி ஓடுகிறது. மவுஸ் நின்று நின்று நகர்வது அதனால்தான்.

கர்னல்வாசி

தட்டுச்சுழல் சொன்னது எல்லாம் சரி. ஆனால் கோட்டை அழித்து எழுதும் முன் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவியை ஓட்டி டிஸ்க்கின் உடல்நிலை. ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை), கரன்ட் பென்டிங் செக்டார் (படிக்க முடியாமல் நிற்பவை) இரண்டின் கடைசிப் பத்தியும் 0 ஆக இருக்க வேண்டும். பென்டிங் 0 இல்லை என்றால் பார்ட்டிஷன் பேச்சையே விட்டுவிட்டுக் கோப்புகளை வெளியே எடுங்கள். சாகப்போகிற டிஸ்க்கும் மெதுவாகத்தான் ஓடும், ஒரு கெட்ட செக்டாரைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுகொண்டே இருக்கும்.

அடுத்து, டேப் எல்லாம் திறந்து இயந்திரம் திணறும்போது டெர்மினலில் விஎம்ஸ்டாட் 1 என்று கொடுத்துவிட்டு எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைக் கவனியுங்கள். ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் வெளியே போவதும் அவை. இரண்டிலும் ஓயாமல் எண்கள் ஓடினால் உங்கள் முதல் பிரச்சினை ரேம், டிஸ்க் இரண்டாவது.

மூன்றாவது, எஃப்டிஸ்க் -எல் காட்டும் பட்டியலில் ஒவ்வொரு பார்ட்டிஷனும் எந்த செக்டாரில் தொடங்குகிறது, ஃபிசிக்கல் செக்டார் அளவு 512ஆ 4096ஆ என்று பாருங்கள். ஹெச்டிபார்ம் என்ற வேகம் அளக்கும் கருவியில் ஆஃப்செட் (தொடங்கும் இடம்) கொடுத்து டிஸ்க்கின் முன், நடு, பின் மூன்று இடத்திலும் வேகம் அளந்து போடுங்கள். எண் இல்லாமல் பேசினால் எல்லாரும் சரியாகத்தான் பேசுவோம்.

நீலவானம்

அளந்துவிட்டேன். ரீஅலோகேட்டட் 0, பென்டிங் 0. நிம்மதி.

ஹெச்டிபார்ம்: தொடக்கத்தில் நொடிக்கு 104 எம்பி, 300 ஜிபி தாண்டி 76, கடைசி 460 ஜிபி பக்கம் 52.

ஆறு டேப் திறந்தபோது எஸ்ஐ, எஸ்ஓ இரண்டிலும் ஆயிரக்கணக்கில் எண்கள். ஸ்வாப்பில் 1.3 ஜிபி போயிருந்தது.

ஃபிசிக்கல் செக்டார் 4096 என்று காட்டுகிறது. முதல் பார்ட்டிஷன் தொடங்குவது 63ஆவது செக்டாரில். அது தப்பா?

கர்னல்வாசி

தப்புதான். 63ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 7 வரும். டிஸ்க்கின் உண்மையான செக்டார் 4096 பைட்; பழைய மென்பொருள்களுக்காக அதையே எட்டு 512 பைட் துண்டுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. பார்ட்டிஷன் 8ஆல் வகுபடும் எண்ணில் தொடங்கினால்தான் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பின் 4 கேபி பிளாக் ஒவ்வொன்றும் ஒரு முழு செக்டாரில் பொருந்தி உட்காரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிளாக்கும் இரண்டு செக்டார்கள் மேல் கால் வைத்து நிற்கும். அதில் எழுத வேண்டும் என்றால் டிஸ்க் அந்த இரண்டையும் முதலில் படித்து, பாதியை மாற்றி, மறுபடி எழுத வேண்டும். நடுவில் ஒரு முழுச் சுற்று, 11 மில்லிநொடி, வீண். படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. சின்னச் சின்னதாக எழுதும்போது கொல்லும். பிரௌசர் செய்வது முழுக்க அந்த மாதிரி எழுத்துதான்.

63 என்பது டாஸ் காலத்துக் கணக்கு. இப்போதைய கருவிகள் 2048இல் தொடங்கும், அது 8ஆல் சரியாக வகுபடும். உங்கள் ரூட்டும் ஹோமும் தொடங்கும் எண்களையும் வகுத்துப் பாருங்கள்.

நீலவானம்

மூன்றுமே வகுபடவில்லை. இத்தனை வருடம் இப்படியே ஓட்டியிருக்கிறேன்.

மரநிழல்

நான் நடுவில் ஒரு கேள்வி கேட்கலாமா? வார், டிஎம்பி, யுஎஸ்ஆர் தனித்தனியாகப் பிரிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. பழைய யூனிக்ஸ் புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

தட்டுச்சுழல்

அந்த யூனிக்ஸ் இயந்திரங்களில் பல டிஸ்க்குகள் இருந்தன. ஒரு டிஸ்க்கில் யுஎஸ்ஆர், இன்னொன்றில் வார் என்றால் இரண்டு ஹெட்டுகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும், வேகம் கூடும். ஒரே டிஸ்க்கை ஆறாகப் பிரித்தால் இருப்பது அதே ஒரு ஹெட். ஆறு இடத்துக்கும் அது தனியாக ஓட வேண்டும். நடுவில் காலி இடங்கள் வேறு. ஈஎக்ஸ்டி4 ஒரே ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளைக் கூடியவரை ஒரே பிளாக் குழுவில் வைக்கப் பார்க்கும். நாம் கோடு போட்டு அதைப் பிரித்தால் அது செய்யும் நல்லதையும் கெடுத்துவிடுகிறோம்.

லாக் கோப்புகள் பெருகி ரூட்டை நிரப்பக்கூடாது என்று வாரைப் பிரிப்பார்கள். அது பாதுகாப்புக்கு, சர்வருக்கு. வீட்டு லேப்டாப்புக்கு வேண்டாம்.

டிஎம்பியை டிஎம்பிஎஃப்எஸ் ஆக்கி ரேமில் வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் 4 ஜிபி ரேமில் கவனம் தேவை. ஒரு பெரிய ஜிப்பை அங்கே விரித்தால் அது ரேமைத் தின்று, பிரௌசரை ஸ்வாப்புக்குத் தள்ளும். தப்பிக்க நினைத்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

நீலவானத்துக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் ஸ்வாப் 4 ஜிபி, அடுத்து ரூட் 50, அடுத்து ஹோம் 60, மீதி எல்லாம் டேட்டா.

கர்னல்வாசி

ஸ்வாப்பை முதலில் வைப்பதை மட்டும் நான் மாற்றுவேன். முதல் 4 ஜிபிக்கும் 50ஆவது ஜிபிக்கும் வேக வித்தியாசம் இரண்டு மூன்று எம்பி இருக்கலாம். ஸ்வாப்பில் நடப்பது சின்னச் சின்னத் துண்டுகள், அங்கே அந்த எம்பி கணக்கு எடுபடாது, தூரம்தான் முக்கியம். ரேம் நெருக்கடி வரும்போது ஒரே சமயம் மூன்று வேலை நடக்கும்: ரூட்டிலிருந்து நிரல் படிப்பது, ஹோமில் பிரௌசர் எழுதுவது, ஸ்வாப். ரூட், ஸ்வாப், ஹோம் என்று நடுவில் வைத்தால் எந்தப் பக்கம் போனாலும் பக்கத்து வீடு.

தட்டுச்சுழல்

சரிதான். ரூட் 50, ஸ்வாப் 4, ஹோம் 60, மீதி டேட்டா. இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோமைச் சின்னதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்களில்தான் பிரௌசரின் கேஷும் செட்டிங்குகளும் இருக்கின்றன. அடிக்கடி தொடுவது அவற்றைத்தான். படங்கள், வீடியோ, டவுன்லோடு எல்லாவற்றையும் டேட்டாவுக்கு அனுப்பிவிட்டு ஹோமில் ஒரு சிம்லிங்க் (அங்கே அழைத்துப்போகும் சுட்டி) வையுங்கள். பயன்படுத்துபவருக்கு வித்தியாசமே தெரியாது. ஹெட்டுக்குத் தெரியும்.

டேட்டா பார்ட்டிஷனில் ஒதுக்கீட்டை 1 சதவீதமாக்க டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுங்கள். ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை நிர்வாகியான ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். 350 ஜிபியில் அது 17 ஜிபி. கோப்பு மட்டும் போட்டு வைக்கும் இடத்தில் அவ்வளவு ஒதுக்கத் தேவையில்லை. ரூட் பார்ட்டிஷனில் மட்டும் அந்த 5ஐத் தொடவேண்டாம்.

கர்னல்வாசி

ஜிபார்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில் பார்ட்டிஷனை இடது பக்கம் நகர்த்தும் வசதி இருக்கிறது என்று அதில் இறங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு பிளாக்காக நகலெடுக்கும், மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பார்ட்டிஷன் போனதுதான். எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, முழுவதும் அழித்துப் புதிதாகப் போட்டு, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் திரும்பக் கொண்டுவாருங்கள். அனுமதிகள், ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) மூன்றும் கூட வரும்படி ஆப்ஷன் கொடுக்க மறக்காதீர்கள். எடுத்த பேக்கப்பில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகுதான் அழிக்கும் பொத்தானைத் தொட வேண்டும்.

நீலவானம்

முடித்துவிட்டேன், ஒரு சிக்கலோடு. பார்ட்டிஷன் எல்லாம் நீங்கள் சொன்ன வரிசையில் போட்டேன், முதலாவது 2048இல் தொடங்குகிறது. கோப்புகளைத் திரும்ப எழுதி, எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியல்) ரூட், ஹோம் இரண்டுக்கும் புது யுயுஐடி (அடையாள எண்) மாற்றி, பூட் செய்துவைக்கும் கிரப்பையும் மறுபடி நிறுவினேன். பூட் ஆகிறது. ஆனால் கறுப்புத் திரையில் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காமல் நிற்கிறது. அப்புறம் ஒரு சிவப்பு நட்சத்திரக் கோடு இடமும் வலமும் ஓடுகிறது, பக்கத்தில் 1 நிமிடம் 30 நொடி என்று எண்ணிக்கை. முன்பைவிட மெதுவாகிவிட்டது!

கர்னல்வாசி

பயப்பட வேண்டாம். ஸ்வாப்பின் யுயுஐடியை மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். எஃப்எஸ்டேபில் பழைய ஸ்வாப்பின் எண் இருப்பதால் இல்லாத ஒன்றுக்காக, எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருக்கிறது. பிஎல்கேஐடி கொடுத்துப் புது எண்ணைப் பார்த்து அங்கே எழுதுங்கள்.

அதற்கு முன்னால் வரும் கறுப்புத் திரை வேறு விஷயம். ஹைபர்னேட் செய்த (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைத்த) நிலையைத் தேடி, பூட்டின் தொடக்கத்தில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் அதே பழைய ஸ்வாப்பை எதிர்பார்க்கிறது. இடிசி ஃபோல்டருக்குள் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், அதில் கான்ஃப்.டி, அதில் ரெஸ்யூம் என்ற கோப்பு. அங்கேயும் எண்ணை மாற்றி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டுங்கள்.

நீலவானம்

இரண்டும் சரியாகிவிட்டன! மிக்க நன்றி.

இப்போது சிஸ்டம்டி-அனலைஸ் பூட் நேரம் 1 நிமிடம் 3 நொடி என்று காட்டுகிறது. முன்பு 1 நிமிடம் 54. பூட் ஆனதும் பிரௌசர் ஜன்னல் 13 நொடியில் வருகிறது, முன்பு 25. டிஸ்க்கை மாற்றாமலே இவ்வளவு கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. தட்டின் வெளிவிளிம்புக்கு இவ்வளவு பலமா?

ஆந்தை77

பேசமாட்டேன் என்றேன், ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கிடைத்த லாபம் முழுவதையும் வெளிவிளிம்பின் கணக்கில் எழுதாதீர்கள். ரூட் 93 சதவீதம் நிரம்பியிருந்தது. அந்த அளவுக்கு நிரம்பினால் ஈஎக்ஸ்டி4க்கு ஒரு கோப்பைச் சேர்த்தாற்போல் வைக்க இடமே கிடைக்காது, கிடைத்த சந்துகளில் துண்டு துண்டாகச் செருகும். வருடக்கணக்கில் அப்டேட் செய்து செய்து கோப்புகள் சிதறியிருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப எழுதியபோது அத்தனையும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்துவிட்டன. செக்டார் பொருத்தமும் சேர்ந்து சரியாயிற்று. நாலு மருந்தை ஒன்றாகக் குடித்துவிட்டு எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

தட்டுச்சுழல்

நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். சிதறலைச் சரிசெய்ததும் காலி இடம் விட்டதும் சேர்ந்தே பாதி வேலை செய்திருக்கும். இனி ரூட்டை 80 சதவீதத்துக்கு மேல் நிரம்ப விடாதீர்கள். பழைய கர்னல்களையும் (லினக்ஸின் மையப்பகுதி) பேக்கேஜ் கேஷையும் அவ்வப்போது அழித்தாலே போதும்.

நீலவானம்

புரிகிறது. ஆனால் ஆறு டேப் தாண்டினால் இன்னும் திணறுகிறது. முன்பு போல் மவுஸ் நிற்பதில்லை, ஆனால் டேப் மாற்ற மூன்று நாலு நொடி. ஸ்வாப்பை எவ்வளவு நாட வேண்டும் என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் மதிப்பை 10 ஆக்கு என்று பல இடத்தில் படித்தேன். செய்யலாமா?

கர்னல்வாசி

10 மந்திர எண் இல்லை. வழக்கமான மதிப்பு 60. அதைக் குறைத்தால் கர்னல் ஸ்வாப்புக்குத் தள்ளாமல் ரேமில் வைத்திருக்கும் கோப்புகளின் கேஷைக் கழற்றிவிடும். அந்தக் கேஷில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பகுதிகளும் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப டிஸ்க்கிலிருந்தே படிக்க வேண்டும். ஹெட் ஓட்டம் ஓயாது, ஓடும் இடம்தான் மாறும்.

உங்களுக்கு வேண்டியது இசட்ரேம். ரேமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட ஸ்வாப் ஆக்குவது. 2014இல் வந்த 3.14 கர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. ரேமில் பாதி அளவு, அதாவது 2 ஜிபிக்கு ஒரு இசட்ரேம் சாதனம், எல்இசட்4 சுருக்கம். பழைய பிராசசருக்கு அதுதான் இலகு. முன்னுரிமை 100 கொடுங்கள். அது நிரம்பினால்தான் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்பைத் தொடும். இது வந்தபின் ஸ்வாப்பினஸைக் குறைக்க அல்ல, 100க்கு ஏற்றலாம். ஏனென்றால் இப்போது ஸ்வாப் செய்வது டிஸ்க்கைப் படிப்பதைவிட மலிவு.

உண்மையைச் சொன்னால் டேப் பிரச்சினைக்குப் பார்ட்டிஷன் வேலைக்கு முன்பே இதைத்தான் செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.

மரநிழல்

கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்காமல் விடும் நோஏடைம் போட்டால்?

கர்னல்வாசி

போடலாம், தீங்கில்லை. ஆனால் 2009இல் வந்த 2.6.30 கர்னல் முதல் ரிலேடைம்தான் (அந்த நேரத்தைத் தேவைப்பட்டால் மட்டும் குறிப்பது) இயல்பு. அந்தப் பழைய பாரத்தில் பெரும்பகுதி அப்போதே போய்விட்டது. மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஐஓ ஷெட்யூலரை பிஎஃப்கியூ ஆக்கிப் பாருங்கள். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது மற்ற வேலைகள் பட்டினி கிடக்காது.

நீலவானம்

இசட்ரேம் போட்டு மூன்று நாள் ஆயிற்று. பதினோரு டேப் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். டேப் மாற்றினால் உடனே வருகிறது. விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ இன்னும் ஓடுகின்றன, ஆனால் டிஸ்க் விளக்கு அணைந்தே இருக்கிறது. ஓடுவது முழுக்க ரேமுக்குள்தான். டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்பில் இப்போது 40 எம்பி மட்டும். பிஎஃப்கியூவும் போட்டேன், வெளி டிஸ்க்கிலிருந்து 20 ஜிபி படங்களை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து தடங்கலில்லாமல் வந்தது.

டிஸ்க்கில் உள்ள அந்த 4 ஜிபி ஸ்வாப்பை எடுத்துவிடலாமா?

கர்னல்வாசி

ஹைபர்னேட் செய்வதாக இருந்தால் வேண்டும். இசட்ரேமுக்குள் ஹைபர்னேட் செய்ய முடியாது, மின்சாரம் நின்றதும் அது போய்விடும். செய்யாவிட்டாலும் விட்டுவையுங்கள். இசட்ரேம் நிரம்பும் நாளில் பிரௌசர் கொல்லப்படாமல் இருக்க அது உதவும்.

மரநிழல்

என் டெஸ்க்டாப்பில் 1 டிபி டிஸ்க் ஒன்று, அதைவிடப் பழைய 80 ஜிபி டிஸ்க் ஒன்று. தட்டுச்சுழல் சொன்ன இரண்டு ஹெட் கணக்குப்படி ஸ்வாப்பை அந்த 80 ஜிபிக்கு மாற்றலாமா?

தட்டுச்சுழல்

அதன் முதல் 8 ஜிபியில் ஸ்வாப் மட்டும் போட்டு, மீதியை வெறுமனே விட்டால் ஹெட் அந்த மூலையை விட்டு நகரவே நகராது, நல்ல இடம். ஆனால் அவ்வளவு பழைய டிஸ்க்கில் ஸ்வாப் வைத்து அது நடுவில் படுத்துவிட்டால் ஓடும் நிரல்களும் கூடவே விழும். முதலில் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி அந்த பென்டிங் எண்ணை இங்கே போடுங்கள்.